முதல் கீ அபேஸ்

பிரின்ஸிபால் செங்குட்டுவனின் மேசையில் மதியின் டி.சி. தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"லஞ்ச் முடிஞ்சதும் போட்டுடுவேன்," என்றார் அவர். "அதுக்குள்ள கீ கிடைச்சா பேசலாம். கிடைக்கலேன்னா வந்ததுக்கு தேங்க்ஸ்."

துப்பறியும் தொழிலில் இதைவிட மரியாதையாக வெளியே போகச் சொன்னவர்களை முதஸ்ஸிர் பார்த்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமாபாய் அசரவில்லை. ராயபுரத்தில் ஒரு மரைன் ஸ்டோர்ஸின் மாடியில் எட்டு வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். முதஸ்ஸிர் அவளுக்கு அசிஸ்டென்ட், டிரைவர், தேவைப்படும்போது வாய்.

இன்றைக்கு இந்தத் திருவொற்றியூர் பாலிடெக்னிக்குக்கு அவர்களை வரவழைத்தவள் முதஸ்ஸிரின் சித்தப்பா மகள் தமன்னா. சிக்குன்குனியா வந்து மூட்டுக்கு மூட்டு வீங்கித் தண்டையார்பேட்டையில் படுத்திருந்தவள், "மதி எடுத்திருக்க மாட்டாண்ணா, உங்க மேடத்தை இட்னு போ" என்று போனில் அழுதாள். மதியும் தமன்னாவும் ஒரே ரோபோ டீம்.

காணாமல் போன கீ பூட்டுக்குப் போடுகிற சாவி இல்லை. கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் துண்டு. கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் அதைச் சொருகினால்தான் அந்த சாஃப்ட்வேர் திறக்கும். ரோபோவை இரும்பில் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து ஓட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர் அது. அங்கே மோட்டார் எரியாது, யார் கையும் நசுங்காது. மொத்தக் கல்லூரிக்கும் இருப்பது ஒரே ஒரு கீ. நாளைக்கு கிண்டியில் ரோபோ போட்டிக்குத் தேர்வு. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ரோபோவைக் காட்டி ஜெயித்தால்தான் நிஜ ரோபோவுக்கு மோட்டார் கொடுப்பார்கள். இந்த நேரத்தில்தான் கீயைக் காணோம்.

"அந்தப் பொண்ணுதான் எடுத்தான்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?" என்றாள் ரமாபாய்.

"அவளே போன்ல ஒத்துக்கிட்டா மேடம். லேப் இன்ஸ்ட்ரக்டர் சுயம்பு காதால கேட்டிருக்கார். அவ அப்பாவை வரவழைச்சு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரே தலைகுனிஞ்சிட்டார். அப்புறம் நீங்க எதுக்கு?"

அந்த அப்பா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் ஹார்பர் பாஸ். வியாசர்பாடி பக்தவச்சலம். பெஞ்சின் மறு கோடியைத் தாண்டி மதி நின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

*

ரோபோ லேபுக்குள் இரண்டு மாணவர்கள் ஒரு மேசையைத் திணறித் திணறித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கறுத்து ஒடுங்கிய ஒரு மனிதர் வாசலில் நின்று வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் சுயம்பு.

"பந்தியில ரெண்டாவது ரவுண்டு ரசம் கேக்குறாரு போலக்கா," என்று முதஸ்ஸிர் முணுமுணுத்தான்.

ரமாபாய் சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு அவள் சிரிப்பது பொங்கல் தீபாவளிக்குத்தான்.

சுயம்பு அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பேச்சில் பணிவு வழிந்தது. "நமக்கு ஊரு சாத்தான்குளம் பக்கம் மேடம். ஒரு வருசமா இங்கே டெம்பரரி. காலேஜ் உண்டு, ரூம் உண்டு. ஹார்பர் எந்தத் திசையில இருக்குன்னுகூட தெரியாது. பொய் சொல்லி நமக்கென்ன ஆகப்போகுது?"

"போன்ல அந்தப் பொண்ணு என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"வராந்தாவுல ஒத்த ரூபா போன் இருக்குல்லா, அதுல பேசிக்கிட்டிருந்தா. 'மொத கீ அபேஸ்'னு சொல்லிச் சிரிச்சா. அபேஸ்னா திருட்டுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே மேடம்."

"அதைக் கேட்டதும் நகர்ந்துட்டீங்களா?"

"இல்ல மேடம். அவ போனை வைக்கிற வரைக்கும் தூணுக்குப் பின்னாலயே நின்னேன். முழுசாக் கேக்காம ஒரு பிள்ளை மேல பழி போடலாமா?"

"வேற என்ன பேசினா?"

சுயம்பு யோசித்தார். "வேற ஒண்ணும் இல்ல. சும்மா பொம்பளைப் பிள்ளைகள் பேச்சு."

ரமாபாய் தலையாட்டிவிட்டு எழுந்தாள். இவ்வளவு நல்லவரை எதற்குக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டும் என்றுதான் முதஸ்ஸிருக்குத் தோன்றியது.

*

வராந்தா போன் பக்கத்தில் நின்ற மதியின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"பல்லு வலி மேடம்."

"நேத்து இந்த போன்ல யார்கிட்ட பேசினே?"

"தமன்னாகிட்ட. அவ லேபுக்கு வரலியே, முந்தாநாள் வரைக்கும் இன்னா வேலை முடிச்சேன்னு சொன்னேன்."

"அபேஸ்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

மதியின் வாய் பிளந்தது. "அந்த வார்த்தையா மேடம்? நீயே ஒத்துக்கினேன்னுதான் சொன்னாங்க. இன்னா வார்த்தைன்னு யாருமே சொல்லல." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது திருட்டு இல்ல மேடம். ஹார்பர்ல கிரேன்ல லோடு மேல ஏத்தறப்ப அபேஸ்னு கத்துவாங்க. எறக்கறப்ப ஆரியா. எங்க நைனா சிக்னல்மேன், கிரேனுக்கு கை காட்றவரு. எங்க ரோபோவும் பொட்டி தூக்கற ரோபோதான. கீபோர்டுல மொத கீய அமுக்கினா பொட்டி மேல போவும், ரெண்டாவது அமுக்கினா எறங்கும். மொத கீ அபேஸ், ரெண்டாவது ஆரியா. அப்டித்தான் பேர் வெச்சிகினோம், போன்லயும் ரெண்டையும் சேத்துதான் சொன்னேன்."

முதஸ்ஸிர் தாடையைச் சொறிந்தான். பெண் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதும் சுடச்சுட வந்து விழுகிற பதில்களை நம்பி அவன் பலமுறை சூடு பட்டிருக்கிறான்.

"தொழில் வார்த்தைதானம்மா? உங்க நைனாவே உள்ள போய் ரெண்டு வார்த்தை சொன்னா மேட்டர் ஓவர். அவரு ஏன் பெஞ்சுக்கு காவல் உக்காந்துகினு கீறாரு?"

மதி பெஞ்சைப் பார்த்தாள். பாவம், பெரிய இடத்தில் பேச அந்த மனிதருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று முதஸ்ஸிர் நினைத்துக்கொண்டான். ரமாபாயும் அதற்கு மேல் துருவவில்லை.

"அந்தப் பேரை நான் கண்ணால பார்க்க முடியுமா?" என்றாள் ரமாபாய்.

"லேப் சிஸ்டத்துல கீது மேடம். ஆனா கீ இல்லாம தொறக்காது."

"நல்லா கீதுமா," என்றான் முதஸ்ஸிர். "நீ கீ திருடலன்றதுக்கு சாட்சி வேணும். சாட்சியப் பாக்கணும்னா கீ வேணும்."

மதி கொஞ்சம் யோசித்தாள். "ராயபுரத்துல கலீலுல்லா பாய் பிரவுசிங் சென்டர் கீதுண்ணா. லேப்ல எங்களுக்கு டைம் குடுக்காதப்ப அங்கதான் டிரையல் காப்பி போட்டு கத்துக்கினோம். அதுக்கு கீ தேவையில்ல. அரை மணி நேரம் ஓடும், அப்பறம் தானா மூடிக்கும். மறுபடி தொறந்துக்கலாம்."

*

ஸ்கூட்டர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ராயபுரம் வந்து சேர்ந்தபோது முதஸ்ஸிரின் வெள்ளைச் சட்டை எந்தக் கலரில் இருந்தது என்று சொல்ல முடியாது.

கலீலுல்லா பாய் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். "அதுங்க ரெண்டும் வந்து உக்காந்த மொத நாளு கூத்த நீ பாக்கணுமே முதஸ்ஸிரு. பொட்டி செஞ்சுதுங்க, ரோபோ கை செஞ்சுதுங்க, ஓட விட்டுதுங்க. பொட்டி பாட்டுக்கு பறந்து மேல போயே போச்சு. வெயிட் குடுக்க மறந்துட்டாங்களாம். அடுத்த நாளு வெயிட் குடுத்தா, தரைய கெட்டியா வெக்கல, பொட்டி தரைக்குள்ள பூந்துகினு போச்சு. ஒரு பொட்டிய தரையில உக்கார வெக்க பத்து நாளு மல்லுக்கு நின்னுதுங்கபா. என் கஸ்டமரு எல்லாம் மெயிலு பாக்கறத வுட்டுட்டு இத்தப் பாத்துகினு நின்னானுங்க."

முதஸ்ஸிர் மவுஸைப் பிடித்தான். திரையில் ஒரு சாம்பல் நிறத் தரை, அதன்மேல் மஞ்சள் பெட்டி, பக்கத்தில் நீண்ட இரும்புக் கை. எதையோ அமுக்கினான். கை சுழன்று போய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது.

"உனக்கு லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க?" என்றாள் ரமாபாய்.

"ஸ்கூட்டர் செவுத்துல பூறாதுக்கா."

திரையின் ஓரத்தில் இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்றில் ஆங்கில எழுத்தில் 'அபேஸ்'. கீழே 'ஆரியா'. முதல் பட்டைக்கான கீயை அமுக்கினான். இரும்புக் கை பெட்டியைக் கவ்வி நிதானமாக மேலே தூக்கியது. இரண்டாவதை அமுக்கியதும் இறங்கியது. பெட்டி தரையில் உட்கார்ந்தது, ஆடவில்லை. தன்னையறியாமல் முதஸ்ஸிர் மறுபடி இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தான். கடைசியாகச் சேமித்த தேதி போன மாதம். கீ காணாமல் போனது தெரிய வந்தது நேற்று.

"கேஸ் முடிஞ்சிதுக்கா. ராயபுரத்துல பொறந்தும் எனக்கே இன்னிக்கி வரைக்கும் அபேஸ்னா திருட்டுதான். சாத்தான்குளத்துக்காரு இன்னா பண்ணுவாரு, பாவம். தப்பா பிரிஞ்சிகினாரு."

"அவர் போனை வைக்கிற வரைக்கும் கேட்டேன்னாரே?"

"ஆமா."

"அப்போ 'ரெண்டாவது ஆரியா' எங்கே போச்சு?"

முதஸ்ஸிர் மவுஸை விட்டுத் திரும்பினான்.

"புரியாத வார்த்தையை யாருமே விட்டுட மாட்டாங்க முதஸ்ஸிர். 'ஆரியாவோ கீரியாவோ, என்னமோ சொன்னா'ன்னாவது சொல்லியிருப்பாங்க. இவர் பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டார். ரெண்டையும் சேர்த்துச் சொன்னா அர்த்தம் மாறிடும்னு தெரிஞ்சவங்கதான் அப்படி முழுங்குவாங்க." அவள் எழுந்தாள். "ஆமா, காலையில அவர் ரசம் கேட்டாரே, எந்த விரலால?"

"இதுவாக்கா," என்று முதஸ்ஸிர் ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, வட்டமாகச் சுற்றினான். எதற்குச் சுற்றுகிறோம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

*

லேபில் பிரின்ஸிபால் வாட்சைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் சுயம்பு. வாசலோரம் மதி.

"கடைசியா ஒரு தடவை தேடிடலாம் சார்," என்றாள் ரமாபாய். "இந்த யு.பி.எஸ். பேட்டரிப் பெட்டிக்கு அடியில யாரும் பார்க்கலையே. சுயம்பு சார், ஒரு கை குடுங்க. முதஸ்ஸிர், நீ அந்தப் பக்கம் பிடி."

இரும்புப் பெட்டி. உள்ளே நான்கு பேட்டரி. முதஸ்ஸிர் குனிந்து விளிம்பைப் பற்றினான். எதிரே சுயம்பு சட்டைக் கையை மடித்துவிட்டு, காலை அகட்டி வைத்துப் பிடித்தார். தூக்குங்க என்று அக்கா சொல்லட்டும் என்று முதஸ்ஸிர் காத்திருந்தான்.

"அபேஸ்," என்றாள் ரமாபாய்.

சுயம்புவின் பக்கம் சட்டென்று மேலே போனது. முதஸ்ஸிர் தூக்கவில்லை. பெட்டி சரிந்து அவன் நெஞ்சில் முட்டியது.

"ஆரியா."

சுயம்புவின் பக்கம் பூப்போலக் கீழே இறங்கியது.

சுயம்பு குனிந்த நிலையிலேயே இருந்தார். பெட்டியை விட்ட அவருடைய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நின்றன.

"தூக்குங்கன்னு நான் சொல்லலையே சார்," என்றாள் ரமாபாய் மெதுவாக. "இறக்குங்கன்னும் சொல்லல."

"என்ன நடக்குது இங்கே?" என்றார் பிரின்ஸிபால்.

"அபேஸ்னா உங்களுக்கு என்ன சார்?"

"திருடறது."

"ஹார்பர்ல அதுக்குத் தூக்குறதுன்னு அர்த்தம். ஆரியான்னா இறக்குறது. இவங்க ரோபோவுல முதல் கீ தூக்கும், ரெண்டாவது கீ இறக்கும். இந்தப் பொண்ணு போன்ல சொன்னது அதைத்தான். ஒரு மாசம் முன்னாடியே அந்தப் பேரு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல இருக்கு, இப்பத்தான் பார்த்துட்டு வரோம். உங்களுக்கு ஒரு அர்த்தம் தெரியும், இந்தப் பொண்ணுக்கு இன்னொரு அர்த்தம். ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சவர் உங்க ஸ்டாஃப்ல இவர் ஒருத்தர்தான். ஆனா ஹார்பர் எந்தத் திசைன்னுகூட தெரியாதுன்னார். காலையில மேசை தூக்குற பசங்களுக்கு விரலைச் சுத்திக் காட்டினாரே, அதுவும் கிரேனை ஏத்தச் சொல்ற சிக்னல்தான்."

சுயம்பு நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். உள்ளே கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், இரண்டு துண்டாக.

"ஹார்பர்ல காண்ட்ராக்ட் கேங்குல ஆறு வருசம் இருந்தேன்," என்றார். "லோடு ஏத்திட்டு சாயங்காலம் படிச்சு டிப்ளமா வாங்கினேன் சார். இங்கே சேரும்போது அதைச் சொல்லல. சுமை தூக்குனவன்னு தெரிஞ்சா பிள்ளைகள் மதிக்குமா? இந்த சாஃப்ட்வேரை நான்தான் சொல்லிக்குடுக்கணும்னு சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு எழவும் விளங்கல. எல்லாரும் போனப்புறம் நானா உக்காந்து பார்ப்பேன். பெட்டி நிக்கவே மாட்டேங்குது. பறந்துகிட்டே இருக்கு. இந்தப் பிள்ளைகள்கிட்ட கேக்க வெக்கம். முந்தாநாள் கடுப்புல சி.பி.யு.வைத் தள்ளினேன். பின்னால சொருகியிருந்தது சுவத்துல மாட்டி ஒடிஞ்சுபோச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் பிரின்ஸிபால்.

"இதுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போகணும்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினது நீங்கதான சார்? அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆக்குறேன்னீங்க." சுயம்பு மதியின் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்தார். "நேத்து இந்தப் பிள்ளை போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. மத்தவங்க இதை எப்படிக் கேப்பாங்கன்னும் புரிஞ்சுபோச்சு."

முதஸ்ஸிருக்கு இதுமாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று இரண்டு மூன்று வாசகங்கள் கைவசம் உண்டு. ஒன்றும் இங்கே பொருந்தவில்லை. பொய் சொன்ன வாய் தப்பித்துவிட்டது, உழைத்த கை மாட்டிக்கொண்டது. அந்த மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை, பக்கத்தில் நிற்கிற வீங்கிய கன்னத்தைப் பார்த்தால் கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

பிரின்ஸிபால் டி.சி.யைக் கிழித்துக் கூடையில் போட்டார். "கிளாஸுக்குப் போம்மா," என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தப் பதவிக்கு இல்லை போலும். சுயம்புவைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வராந்தாவில் பக்தவச்சலம் எழுந்து நின்றார். மதி அவரைத் தாண்டி நடந்தாள்.

*

மாலையில் முதஸ்ஸிர் கையில் டீயோடு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தபோது மதி அதே மூலையில் இருந்தாள். கீ இல்லாவிட்டால் என்ன, நாளைக்கு டிரையல் காப்பியை வைத்தே அரை மணி நேரத்துக்குள் காட்டிவிடலாம் என்று ரமாபாய் கிண்டியில் பேசி ஏற்பாடு செய்திருந்தாள்.

முதஸ்ஸிர் டீயை வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான். தரை இருந்தது, பெட்டி இருந்தது, இரும்புக் கை இருந்தது. ஓரத்துப் பட்டைகளில் மட்டும் 'அப்', 'டவுன்' என்று புதுசாக எழுதியிருந்தது.

"இன்னாம்மா," என்றான். "அபேஸையே அபேஸ் பண்ணிட்டியா?"

நாளெல்லாம் போட்டதிலேயே நல்ல ஜோக் அதுதான். மதி சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டு வார்த்தையும் எங்க நைனா குடுத்ததுண்ணா," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "ஒரு மாசம் முன்ன அவுர இங்க இட்னு வந்து, இந்த சேர்ல உக்கார வெச்சி, கேட்டுத்தான் பேர் வெச்சேன். அவுரே அமுக்கிப் பாத்தாரு. காலையில பிரின்ஸிபால் ரூம்ல அவர்கிட்ட இன்னா சொன்னாங்கன்னு இப்பதான் கேட்டேன். 'மொத கீ அபேஸ்னு உங்க பொண்ணு சொல்லிகிறா'ன்னாங்களாம். அப்டியே அந்த வார்த்தையே. இருவது வருசமா அவுரு தொண்ட கிழிய கத்தற வார்த்தைண்ணா அது."

முதஸ்ஸிருக்கு அந்த வராந்தா ஞாபகம் வந்தது. தலைகுனிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டை. பல்லு வலி.

"வெளிய வந்தவரு ஒரு கேள்வி கேக்கல. பளார்னு வுட்டாரு. இப்ப அழுவுறாரு. அந்த ரூம்ல, அவுங்க வாயால கேக்கறப்ப, எனக்கும் திருட்டுன்னுதாம்மா தோணிச்சுன்றாரு."

டீயில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. முதஸ்ஸிர் அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மதி முதல் கீயை அமுக்கினாள். பெட்டி எப்போதும் போல மேலே போனது.